பேர் பொம்மை, வேலை கொலை

“துப்பாக்கியைப் பற்றிப் பகுத்தறிவுப் பத்திரிகைக்கு என்ன கவலை? அது போலீசாரின் காரியமல்லவா?” என்று நமது வாசகத் தோழர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பதில் தப்பில்லை. ஆனால் 2015-ஆம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி பாரிஸ் பட்டணத்தில், மதத்தைக் கேலி செய்து படம் போட்டார்கள் என்பதற்காக ‘சார்லி ஹெப்டோ’ என்னும் வாரப் பத்திரிகையின் ஆபீசிலும் வாசலிலுமாக 12 பேரைச் சுட்டுத் தள்ளினார்களே, அதற்கு இரண்டாம் நாள் அதே பட்டணத்தில் யூதர்கள் சாமான் வாங்கும் கடையொன்றில் புகுந்து அவர்களுடைய கூட்டாளி 4 பேரைக் கொன்றானே, அந்தக் கூட்டாளியின் கைக்குத் துப்பாக்கி எப்படி வந்தது என்று விசாரித்தபோது வெளிவந்த சங்கதியைக் கேட்டால், இது போலீசாருக்கு மாத்திரம் சொந்தமான காரியம் அல்ல என்பது விளங்கும்.

அவனிடமிருந்த துப்பாக்கிகளில் சில ஸ்லோவாகியா தேசத்தில் ஒரு கடையில் பகிரங்கமாக விற்கப்பட்டவை. திருட்டுத்தனமாக அல்ல, சட்டப்படி விற்கப்பட்டவை. ஏன் அப்படி விற்க முடிந்ததென்றால், அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணுக்கு அவை கொலைத் துப்பாக்கிகளே அல்ல. ஒரு காலத்தில் பட்டாளத்துக்காகச் செய்யப்பட்ட அசல் துப்பாக்கிகள்தான் அவை. பிறகு குண்டு வெளியே போகாதபடி குழலில் தடை வைத்து, சப்தம் மாத்திரம் வரும்படி செய்து, “இவை ஓசைத் துப்பாக்கிகள், சினிமாவுக்கும் நாடகத்துக்கும் ஆனவை” என்று பேரை மாற்றி அலமாரியில் அடுக்கிவிட்டார்கள். 18 வயது நிரம்பியவன் அடையாளச் சீட்டைக் காட்டினால் போதும், வாங்கிக்கொண்டு போகலாம். லைசென்ஸ் இல்லை, பதிவு இல்லை. வாங்கினவன் வீட்டுக்குப் போய் வைத்த தடையை எடுத்துவிட்டால், பழையபடி பட்டாளத்துத் துப்பாக்கி!

இராமன் ஒரு தர்ப்பைப் புல்லைக் கிள்ளி மந்திரம் சொல்லிக் காக்கையின் மேல் எறிந்தான், அது பிரம்மாஸ்திரமாகிக் காகாசுரனை மூன்று லோகத்திலும் துரத்திற்று என்று நம் ஊர்ப் பாகவதர்கள் கதை சொல்லுகிறார்கள். புல் அஸ்திரமாவது பொய். ஆனால் ‘பொம்மை’ அஸ்திரமாவது மெய். இதற்கு மந்திரம் வேண்டியதில்லை, ரிஷி வேண்டியதில்லை. கொஞ்சம் கைவேலை தெரிந்த ஒரு அயோக்கியனும், பேரை மாத்திரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு சட்டமும் இருந்தால் போதும்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சட்டத்தின் புத்தியைத்தான். ஒரு பொருளுக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று அது பார்த்தது. அந்தப் பொருள் என்ன செய்யக்கூடியது என்று பார்க்கவில்லை. நமக்கு இந்தப் புத்தி புதிதா என்ன? காவி கட்டினவனைச் ‘சுவாமிகள்’ என்று கூப்பிட்டுவிட்டு அவன் என்ன செய்கிறான் என்று பார்க்காமல் காலில் விழுகிற தேசம் நம்முடையது. பேரைக் கண்டு பொருளை நம்புவது மூடநம்பிக்கை என்றால், அந்த மூடநம்பிக்கை கோயிலுக்குள்ளே மாத்திரந்தான் குடியிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. சட்டப் புஸ்தகத்துக்குள்ளும் அது இருக்கும்; படித்த மேனாட்டாரிடத்திலும் இருக்கும்.

ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பார் 2008-ஆம் வருஷத்திலேயே, துப்பாக்கியைச் செயலற்றதாக்குவதற்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு முறை வகுக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். எழுதினார்களே ஒழிய வகுக்கவில்லை. ஏழு வருஷம் அந்தக் காகிதம் தூங்கிற்று. பாரிசில் ஜனவரியிலும் நவம்பரிலுமாக இரண்டு தடவை இரத்தம் ஓடிய பிறகு, 2015 டிசம்பர் 15-ந் தேதி அந்த விதிகள் பிறந்தன. ஸ்லோவாகியாவும் அதே வருஷத்தில் தன் சட்டத்தைத் திருத்திற்று. உடனே வியாபாரிகள் என்ன செய்தார்கள்? ஓசைத் துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வந்ததும், அதே பட்டாளத்துத் துப்பாக்கியைச் சின்னஞ்சிறு குண்டு போடும் ‘பிளோபேர்’ வகையாக மாற்றி வேறொரு பேரில் விற்க ஆரம்பித்தார்கள். ஒரு பேரைத் தடுத்தால் இன்னொரு பேர். அவதாரங்களுக்காவது பத்து என்று கணக்கிருக்கிறது. இதற்கு அதுவும் கிடையாது.

2016-ஆம் வருஷம் ஜூலை 22-ந் தேதி ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக் கடைத்தெருவில் 18 வயதுப் பையன் ஒருவன் 9 பேரைச் சுட்டுக் கொன்றான். செத்தவர்களில் பெரும்பாலோர் வேறு தேசங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். ‘இனத்தால் நான் உயர்ந்தவன்’ என்னும் வெறிதான் அவனைப் பிடித்த பிசாசு. அவன் கையிலிருந்த ‘கிளாக்’ கைத்துப்பாக்கி ஒரு காலத்தில் நாடகத்துக்கென்று செயலற்றதாக்கப்பட்டுப் பிறகு மறுபடியும் உயிர் கொடுக்கப்பட்டது. இண்டர்நெட்டின் இருட்டுச் சந்தையில் அதை அவனுக்கு விற்றவனுக்கு 2018 ஜனவரியில் 7 வருஷத் தண்டனை கிடைத்தது.

கடைசியாக 2017-இல் அந்தக் கூட்டமைப்பார் ஒரு நல்ல விதி செய்தார்கள். அசல் துப்பாக்கியை ஓசைத் துப்பாக்கியாக மாற்றினாலும், அது மாற்றுவதற்கு முன் எந்த வகையைச் சேர்ந்திருந்ததோ அந்த வகையாகவே கருதப்படும் என்பது அது. பிறவியை வைத்து வகை பிரிப்பதை நாம் ஆதரிக்கும் இடம் உலகத்தில் இது ஒன்றுதான். அதுவும் இரும்பு விஷயத்தில் மாத்திரம். ஏனென்றால், மனிதனுக்குப் பிறவியால் வருகிற குணம் என்று ஒன்று கிடையாது. அந்த இரும்புக்கோ பிறந்தபோது கொடுத்த சக்தி உள்ளேயே இருக்கிறது.

நிற்க, இங்கிலாந்தின் கதை வேறு விதமானது. அவர்களுடைய 1982-ஆம் வருஷத்துச் சட்டம் புத்தியுள்ள சட்டம் என்றே சொல்ல வேண்டும். தனித்திறமை எதுவும் இல்லாதவன், வீட்டு ரிப்பேருக்கு ஜனங்கள் சாதாரணமாக வைத்திருக்கும் கருவிகளைக் கொண்டே ஒரு போலித் துப்பாக்கியை அசலாக்கிவிட முடியுமானால், அந்தப் போலியும் அசலாகவே பாவிக்கப்படும் என்று அது சொல்லுகிறது. பேரைப் பாராமல் சக்தியைப் பார்க்கிற சட்டம். ஆனால் சட்டத்துக்குத் தானாகக் கண் உண்டா? யாராவது பொருளைக் கையில் எடுத்துச் சோதித்துப் பார்த்தால்தானே அது வேலை செய்யும்? துருக்கியில் செய்த சில சப்தத் துப்பாக்கிகள், அசலைப்போல் தோன்றக் கூடாது என்பதற்காகப் பளிச்சென்று ஆரஞ்சும் நீலமும் பூசி, அந்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் விற்பனையாகி வந்தன. திருநீறு பூசினால் சைவன், நாமம் போட்டால் வைஷ்ணவன், ஆரஞ்சு பூசினால் பொம்மை! கொலைகாரக் கூட்டத்தார் அதன்மேல் கறுப்பைப் பூசி, குழலைத் திறந்து, தெருச் சண்டைகளுக்கு உபயோகித்தார்கள். போலீசார் பிடித்துப் பிடித்துப் பார்த்து, பிறகு நிபுணர்கள் சோதித்து, ‘இது 1982 சட்டத்துக்குள் வருகிறது’ என்று கண்டுபிடித்தார்கள். நான்கு வியாபாரப் பேர்களில் விற்ற அந்தச் சாமான்களை வைத்திருந்தவர்கள் தண்டனையில்லாமல் ஒப்படைக்கலாம் என்று 2025 பிப்ரவரி 3 முதல் 28 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தவணை கொடுத்தார்கள். சட்டம் 1982-இல், கண் திறந்தது 2025-இல்.

இனி, குற்றம் நடந்த பிறகு துப்புத் துலக்குகிற விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சினிமா பார்க்கிற நம் தோழர்கள், குண்டைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்த மாத்திரத்தில் கொலைகாரன் பேர் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடப்பது இதுதான். ஆலையில் செய்த துப்பாக்கியின் குழலுக்கு உள்ளே திருகாணிப் புரியைப்போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் வெட்டியிருக்கும். குண்டு அவற்றில் உரசிச் சுழன்றுகொண்டு போகிறபடியால் நேராகப் போகிறது. உரசின கோடுகளும் அதன்மேல் விழுகின்றன. பள்ளம் எத்தனை, எவ்வளவு அகலம், வலப்பக்கம் சுற்றா, இடப்பக்கம் சுற்றா என்பதைக் கொண்டு எந்த ஜாதித் துப்பாக்கி என்று முதலில் சொல்லலாம். பிறகு நுணுக்கமான கீறல்களைப் பார்த்து, சந்தேகப்பட்ட துப்பாக்கியால் சுட்டுப் பார்த்த குண்டையும், பிணத்திலிருந்து எடுத்த குண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். இரண்டையும் ஒரே பார்வையில் காட்டுகிற ஒப்பீட்டு நுண்பெருக்கியை 1925 வாக்கில் நியூயார்க்கில் கால்வின் காடார்டு முதலியவர்கள் இந்த வேலைக்குப் பயன்படுத்திப் பிரபலமாக்கினார்கள்.

மாற்றின துப்பாக்கியில் இந்த முறையெல்லாம் தடுமாறுகிறது. எப்படியெனில், வேறு குழல் போட்டவனோ, பழைய குழலைத் துளைத்தவனோ உள்ளே புரி வெட்டிக்கொண்டிருப்பதில்லை. மொழுமொழுவென்று இருக்கும் குழலின் வழியே போகிற குண்டில் படிக்கத் தகுந்த கோடுகள் விழுவதில்லை. மட்ட இரும்பாயிருந்தால் சுடச்சுடத் தேய்ந்து, முதல் குண்டுக்கும் பத்தாவது குண்டுக்கும் அடையாளம் மாறிவிடும். குண்டு சுழலாமல் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போய்த் தைக்கிறபடியால் காயமும் கோணலாக இருந்து, சவப்பரிசோதனை செய்கிற டாக்டரையும் ஏமாற்றும். குழலை ஒரு துப்பாக்கியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிவிட்டாலோ, குண்டு ஒரு கதை சொல்லும், தோட்டாக் கூடு வேறு கதை சொல்லும். எண்ணைப் பார்க்கலாமென்றால், அசல் துப்பாக்கியில் வெட்டின எண்ணை அராவிவிட்டாலும் அடியிலே நெரிந்த இரும்பைத் திராவகம் விட்டு மறுபடியும் படித்துவிடக்கூடும். எண்ணே பதியாத சாமானில் எதைப் படிப்பது? பதிவேட்டில் ஏறாத எண்ணைக் கண்டுபிடித்துத்தான் என்ன பிரயோசனம்?

மிஞ்சுவது தோட்டாக் கூடு ஒன்றுதான். தோட்டாவின் அடியில் குத்துகிற ஊசியின் தடம், பின்பக்கத்து இரும்பின் அச்சு, கூட்டை வெளியே தள்ளுகிற கொக்கியின் கீறல் ஆகிய இவை குழல் எப்படியிருந்தாலும் விழுகின்றன. கீழே கிடந்த அந்தப் பித்தளைத் துண்டை எவன் மிதித்தான், எவன் எடுத்தான், எந்த உறையில் போட்டு எப்போது முத்திரை வைத்தான் என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

இந்த விஷயம் நமக்கு எட்டாத ஐரோப்பாவின் கதை என்று நினைக்க வேண்டாம். 2013 ஆகஸ்டு 20-ந் தேதி புனாவில், மூடநம்பிக்கை ஒழிப்புக்காகவே வாழ்ந்த டாக்டர் நரேந்திர தபோல்கர் காலையில் உலாவப் போன இடத்தில் சுடப்பட்டார். 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் தோழர் கோவிந்த் பன்சாரேயைச் சுட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டு 30-ந் தேதி தார்வாரில் பேராசிரியர் எம். எம். கல்புர்கியை அவர் வீட்டு வாசலில் சுட்டார்கள். 2017 செப்டம்பர் 5-ந் தேதி பெங்களூரில் பத்திரிகாசிரியர் கௌரி லங்கேஷை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். நம்மைப் போலவே பேசினவர்கள், எழுதினவர்கள். இவர்களைக் கொன்றவை பட்டாளத்துப் பீரங்கிகள் அல்ல. லைசென்சுக்கும் பதிவேட்டுக்கும் வெளியே பட்டறையில் உருவான 7.65 மில்லிமீட்டர் நாட்டுக் கைத்துப்பாக்கிகள். கல்புர்கியைக் கொன்ற துப்பாக்கியும், அதற்கு இரண்டு வருஷம் கழித்து கௌரி லங்கேஷைக் கொன்ற துப்பாக்கியும் ஒன்றே என்று கர்நாடகத் தடய அறிவியல் ஆய்வுசாலை அறிக்கை கொடுத்தது. தனித்தனிச் சம்பவம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைத்தது ஒரு கட்சியின் பிரசங்கமும் அல்ல, பத்திரிகையின் தலையங்கமும் அல்ல. தோட்டாவில் விழுந்த கீறல்.

இதைச் சொல்லுகிற நாமே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தபோல்கர் வழக்கில் முதலில், கள்ளத் துப்பாக்கி விற்றதாகச் சொல்லி இருவரைப் பிடித்தார்கள். அவர்களிடமிருந்து எடுத்த துப்பாக்கியோடு குண்டு ஒத்துப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. கடைசியில் அவர்கள்மேல் குற்றப்பத்திரிகையே தாக்கலாகாமல் ஜாமீனில் வெளியே வந்தார்கள். ஆய்வுசாலைக்கு ஆய்வுசாலை அபிப்பிராயம் மாறிற்று. 2024 மே 10-ந் தேதி புனா கோர்ட்டார் சுட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்து, மற்ற மூவரை விடுதலை செய்தார்கள். திட்டம் போட்டுக் கொடுத்த மூளை யாருடையது என்பதைப் புலன் விசாரணையார் வெளிக்கொண்டுவரவில்லை என்று தீர்ப்பிலேயே குறை சொல்லியிருக்கிறது. நடுவில் ஓடிப்போன வருஷங்கள் பத்துக்கு மேல்.

ஆகவே, விஞ்ஞானம் என்று பேர் வைத்துவிட்டாலும் நாம் கும்பிட்டுவிடக் கூடாது. வெற்றிலையில் மை போட்டுத் திருடனைப் பார்த்த நாட்டில், 1849-லேயே சென்னையில் சர்க்கார் இரசாயனப் பரிசோதனைச் சாலை ஏற்பட்டது பெருமைப்படத்தக்க காரியந்தான். ஆனால் மைபோடுகிறவனுக்கும் நிபுணனுக்கும் உள்ள வித்தியாசம் என்ன? “எப்படித் தெரியும்? எத்தனை தடவைக்கு எத்தனை தடவை தவறுவாய்?” என்று கேட்டால் முன்னவன் கோபித்துக்கொள்வான், பின்னவன் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 2009-இல் தேசிய விஞ்ஞானக் கழகத்தாரும், 2016-இல் ஜனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகர்களும், குண்டு ஒப்பிடுகிற இந்தக் கலைக்குப் போதுமான சோதனை ஆதாரம் இன்னும் ஏற்படவில்லை என்று பச்சையாக எழுதினார்கள். 2023-இல் அங்கே மேரிலாந்து மாகாணத்து உச்ச நீதிமன்றம், ‘இந்தக் குண்டு இந்தத் துப்பாக்கியிலிருந்துதான் வந்தது’ என்று யாதொரு தயக்கமும் இல்லாமல் நிபுணனைச் சொல்லவிட்டது தவறு என்று தீர்ப்பளித்தது. ஆலையில் செய்த துப்பாக்கிக்கே இந்த எச்சரிக்கை வேண்டுமானால், பட்டறையில் மாற்றின துப்பாக்கிக்கு எவ்வளவு வேண்டும்? நம் நாட்டிலோ சர்க்கார் ஆய்வுசாலையின் அறிக்கையை, எழுதினவரைக் கூண்டில் ஏற்றாமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஏழைப் பிரதிவாதிக்கு எதிர் நிபுணனை வைக்கப் பணம் ஏது?

“சாக விதியிருந்தால் அரிவாளாலும் சாவான், துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்?” என்று ஒரு வேதாந்தம் உண்டு. விதியைப் பேசுகிற அந்தக் கனவான்கள் தங்கள் பணப்பெட்டிக்கு மாத்திரம் இரண்டு பூட்டுப் போடுவானேன்? அரிவாளோடு வருகிறவனை ஊர் கூடிப் பிடிக்கலாம், கதவைச் சாத்தலாம், ஓடலாம். மோட்டார் சைக்கிளில் வந்து நான்கு வினாடியில் வேலையை முடித்துக்கொண்டு போகிறவனை எந்த ஊர் கூடிப் பிடிக்கும்?

நமது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் ஒன்றும் குருட்டுச் சட்டம் அல்ல. குண்டை வெளியேற்றும்படி ‘செய்யப்பட்டதும்’ துப்பாக்கி, அப்படி ‘மாற்றியமைக்கப்பட்டதும்’ துப்பாக்கி என்று அது சொல்லுகிறது. 6-வது பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குறுக்குவதையும் போலியை அசலாக்குவதையும் குற்றமாக்குகிறது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கு 7 வருஷம் முதல் ஆயுள் வரை தண்டனை. ஆனால் தண்டனையை எவ்வளவு நீட்டினாலும், மாற்றிய பிறகு பிடிக்கிற சட்டந்தான் அது. ‘எளிதில் மாற்றக்கூடியதே துப்பாக்கி’ என்கிற இங்கிலாந்து வாசகம் அந்தப் பிரிவில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டு இங்கிலாந்தைப்போல் நாற்பது வருஷம் தூங்காமல், கடைக்கு வருமுன்பே சாமானைச் சோதிக்க ஆள் வைக்க வேண்டும். சப்தத் துப்பாக்கிக்கும் எண் வெட்டிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தோட்டாவுக்குக் கணக்குக் கேட்க வேண்டும். ஏனென்றால் துப்பாக்கியைப் பட்டறையில் செய்கிறவனாலும் நல்ல தோட்டாவைச் சுலபத்தில் செய்துவிட முடிவதில்லை. நாட்டுத் துப்பாக்கியோடு பிடிபடுகிற தோட்டாக்களில் கிர்க்கி சர்க்கார் ஆலையின் ‘கே.எப்.’ முத்திரையைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். சர்க்கார் ஆலையிலிருந்து கொலைகாரன் பைக்கு அது நடந்தா போயிற்று? லைசென்ஸ் பெற்ற யாரோ ஒரு பெரிய மனிதர் கையைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்? அவரை யாரும் கேட்பதில்லை.

வருஷந்தோறும் ஆயுத பூஜையன்று அநேகம் போலீஸ் ஸ்டேஷன்களில் துப்பாக்கிகளைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் கொளுத்திப் பொரிகடலை வழங்குகிறார்கள். துப்பாக்கிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வெளியே எடுத்து வைக்கிற நாள் அது. அன்றைக்கு அந்தச் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, ஸ்டேஷன் துப்பாக்கியோடு அந்தச் சரகத்தில் லைசென்ஸ் வாங்கியிருக்கிற மிராசுதார், முதலாளிமார்களின் துப்பாக்கிகளையும் கொண்டுவரச் சொல்லி, எண்ணைப் பார்த்து, குழலைப் பார்த்து, வாங்கின தோட்டா எத்தனை, சுட்டது எத்தனை, மீதி எத்தனை என்று பதிவேட்டோடு சரிபார்க்கட்டும். பொரிகடலை வேண்டுமானால் வேலை முடிந்த பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம்.